உருகுவது எது, கரைவது எது?

டீச்சர் பதில்கள்

‘மெல்ட்’ என்ற ஒரே ஓர் ஆங்கில வினைச்சொல்லைப் பற்றி இந்த மாதம் நிறையக் கடிதங்கள். வேதியியல் டீச்சரிடம் போய் ஆங்கிலச் சந்தேகம் கேட்கலாமா என்று சிலர் தயக்கத்தோடு எழுதியிருக்கிறீர்கள். தாராளமாகக் கேட்கலாம். அடுப்பில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் இந்தச் சொல்லை அகராதியிலிருந்து மட்டும் கற்றுக்கொள்ள முடியாது. அதனால் இந்த இதழின் பக்கம் முழுவதும் அதற்கே.

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகன் அறிவியல் தேர்வில் ‘சுகர் மெல்ட்ஸ் இன் வாட்டர்’ என்று எழுதினான். மதிப்பெண் கிடைக்கவில்லை. வீட்டில் நாங்கள் எல்லோருமே ‘சர்க்கரை மெல்ட் ஆயிடுச்சா பாரு’ என்றுதான் சொல்கிறோம். அது அவ்வளவு பெரிய தப்பா?
— ஒரு தாய், கும்பகோணம்

மதிப்பெண் தராதது சரிதான். ஏன் தரவில்லை என்று பையனுக்குச் சொல்லாமல் விட்டிருந்தால் அது சரியில்லை. காரணம் தெரிந்தால் வாழ்நாள் முழுக்க மறக்க மாட்டான். நீங்களே சொல்லிக் கொடுங்கள்.

உருகுவதற்கு வெப்பம் மட்டும் போதும். வெண்ணெய், மெழுகு, ஈயம், ஐஸ்: எதுவானாலும் தனியாகவே இருந்து, சூடேறி, கெட்டியிலிருந்து நீர்மமாகிறது. அதுதான் மெல்ட். கரைவதற்கு இன்னொரு பொருள் கூட வேண்டும். சர்க்கரையைத் தண்ணீரில் போட்டால் தண்ணீர்தான் அதைத் துணுக்கு துணுக்காகப் பிரித்துத் தனக்குள் பரப்பிக்கொள்கிறது. அது டிசால்வ். சூடே வேண்டாம்; பானைத் தண்ணீரிலும் சர்க்கரை கரையும்.

சர்க்கரை நிஜமாகவே உருகுவதைப் பார்க்க வேண்டுமானால் வாணலியில் தண்ணீர் விடாமல் போட்டு அடுப்பில் வையுங்கள். சுமார் 186 டிகிரி செல்சியஸ் வரை போக வேண்டும். அந்தச் சூட்டில் அது உருகுவதோடு நிற்காமல் சிதையவும் தொடங்கிவிடும். பாயசத்துக்கும் கேக்குக்கும் கேரமல் என்று பழுப்பாகக் காய்ச்சுகிறோமே, அது இந்தச் சிதைவுதான். உப்பைக் கேட்டால் இன்னும் ஆச்சரியம். சமையல் உப்பு உருக 801 டிகிரி வேண்டும். ரசம் கொதிப்பது 100 டிகிரிக்குப் பக்கத்தில். அந்த உப்பு ரசத்தில் கரைந்ததே தவிர உருகவில்லை.

நம் பிள்ளைகளுக்கு இந்த வேறுபாடு பேசத் தொடங்கும் வயதிலேயே தெரியும். ‘உப்பு உருகிடுச்சு’ என்று எந்தத் தமிழ்க் குழந்தையும் சொல்லாது. ‘கரைஞ்சுடுச்சு’ என்றுதான் சொல்லும். பள்ளிக்கூடம் போய் ஆங்கிலத்தில் எழுதும்போதுதான் தெரிந்த முதல் சொல்லை எல்லாவற்றுக்கும் போட்டுவிடுகிறார்கள். பையனிடம் சொல்லுங்கள்: வாக்கியத்தை முதலில் தமிழில் சொல்லிப் பார். ‘உருகு’ வந்தால் மெல்ட், ‘கரை’ வந்தால் டிசால்வ். பெரும்பாலும் இது கைவிடாது.

மைசூர்பாகு போன்ற சில இடங்களில் மட்டும் கவனம் வேண்டும். ‘வாயில் போட்டால் கரைகிறது’ என்பது நம் வழக்கு. ‘மெல்ட்ஸ் இன் தி மவுத்’ என்பது அவர்கள் வழக்கு. இரண்டும் உண்மை. உடம்புச் சூடான 37 டிகிரியில் அதிலுள்ள நெய் உருகுகிறது, சர்க்கரை எச்சிலில் கரைகிறது.

கேள்வி: ஐஸ் கட்டிகளைச் சூடாக்கினோம். எல்லாம் உருகி முடிக்கிறவரை வெப்பமானி 0-விலேயே நின்றது. கொடுத்த வெப்பம் எங்கே போனது?
— பத்தாம் வகுப்பு மாணவி, பெரம்பலூர்

அருமையான கேள்வி. இதைக் கேட்காமல் மெல்ட் என்ற சொல்லைப் புரிந்துகொண்டதாகச் சொல்ல முடியாது. 1760-களில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஜோசஃப் பிளாக் என்ற பேராசிரியர் இதே கேள்வியைத்தான் பிடித்துக்கொண்டார். ஐஸ் 0 டிகிரியைத் தொட்டதும் மொத்தமும் சட்டென்று தண்ணீராகிவிடும் என்றுதான் அன்று பலரும் நினைத்தார்கள். அப்படியானால் மலைப் பனியெல்லாம் வெயில் வந்த நாளே வெள்ளமாகியிருக்க வேண்டும். ஆகவில்லையே என்று யோசித்து, அவர் அளந்து பார்த்தார்.

பனிக்கட்டியில் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்கின்றன. நீ கொடுக்கும் வெப்பம் முழுவதும் அந்தப் பிடியைத் தளர்த்துவதற்கே செலவாகிறது. அதனால் வெப்பமானிக்கு அது தெரிவதில்லை. உன் புத்தகத்தில் அதற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். 1 கிராம் பனிக்கட்டி உருகச் சுமார் 80 கலோரி வேண்டும். அதே 80 கலோரியை 0 டிகிரியில் இருக்கும் 1 கிராம் தண்ணீருக்குக் கொடுத்தால் அது 80 டிகிரிக்குப் போய்விடும். இப்போது தெரிகிறதா, உருகுதல் எவ்வளவு பெரிய வேலை என்று? சூடாவது வேறு, உருகுவது வேறு. இதை ஒரு வெப்பமானியும் ஐந்து ரூபாய் ஐஸும் வைத்து நீயே கண்டுபிடித்திருக்கிறாய் என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. உன் குறிப்பேட்டை அறிவியல் ஆசிரியரிடம் கட்டாயம் காட்டு.

கேள்வி: ஃப்ரீசரில் வைத்த கோழியை வெளியே எடுத்து வைப்பதை ‘மெல்ட்’ என்று சொன்னேன். வெளிநாட்டில் இருக்கும் மருமகள் திருத்தினாள். என்ன சொல்ல வேண்டும்?
— ஒரு மாமியார், திருநெல்வேலி

மருமகள் சொன்னது சரி. டி, ஹெச், ஏ, டபிள்யூ என்று எழுதி ‘தா’ என்று உச்சரிப்பார்கள். உறைந்த பொருளுக்குள்ளே இருக்கும் ஐஸ் உருகி, அது பழைய நிலைக்குத் திரும்புவது தா. கோழி நீர்மமாக ஓடப் போவதில்லை அல்லவா? அதனால் அது மெல்ட் ஆகாது. ஐஸ்கிரீம் மெல்ட் ஆகும். பட்டாணி, மீன், கோழி எல்லாம் ‘தா’ ஆகும். டிஃப்ராஸ்ட் என்றாலும் சரி. ஃப்ரீசரில் படிந்த ஐஸை நீக்குவதற்கும் அதே சொல்தான். பகைமையாக இருந்த இரண்டு நாடுகள் கொஞ்சம் பேச்சுவார்த்தைக்கு இறங்கி வந்தால் அதையும் பத்திரிகைகளில் தா என்று எழுதுவார்கள்.

அப்புறம், சொல்லைவிட இது முக்கியம்: கோழியை இரவெல்லாம் மேடையில் வைத்து இளக்காதீர்கள். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் கிருமிகள் வேகமாகப் பெருகும். நடுவில் இன்னும் ஐஸாக இருக்கும்போதே வெளிப்பக்கம் அந்தச் சூட்டுக்கு வந்துவிடும். முதல் நாளே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், சாறு வழியாதபடி ஒரு பாத்திரத்தில் வைத்துவிடுங்கள்.

கேள்வி: மெல்ட், ஸ்மெல்ட் இரண்டும் ஒன்றுதானா? எங்கள் தொழில்நுட்பப் புத்தகத்தில் இரண்டும் வருகிறது. ஒரு நண்பன் ஸ்மெல்ட் என்றால் முகர்ந்தான் என்கிறான்.
— ஐ.டி.ஐ. மாணவர், சேலம்

நண்பர் சொல்வதும் பொய் இல்லை. ஸ்மெல் என்ற வினையின் இறந்தகாலமாக பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ஸ்மெல்ட் என்று எழுதுவார்கள். அது வேறு சொல்; எழுத்து மட்டும் ஒன்று. உங்கள் புத்தகத்தில் இருப்பது மெல்ட்டுக்கு உறவுக்காரச் சொல். ஆனால் வேலை வேறு.

பழைய செம்பை மூசையில், அதாவது உலோகம் உருக்கும் கிண்ணத்தில் போட்டு 1085 டிகிரிக்குக் கொண்டுபோனால் அது உருகும். போட்டதும் செம்பு, வருவதும் செம்பு. இது மெல்ட். தாதுவிலிருந்து உலோகத்தைப் பிரித்தெடுப்பது ஸ்மெல்ட். பாடநூல் தமிழில் உருக்கிப் பிரித்தல். இரும்புத் தாதுவில் இரும்போடு ஆக்சிஜன் இணைந்திருக்கிறது. கரியைச் சேர்த்து எரித்தால் அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு அந்த ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு போகும். உள்ளே போனது கல், வெளியே வருவது இரும்பு. இங்கே நடப்பது வேதிமாற்றம். முதலாவதில் நடந்தது வெறும் நிலைமாற்றம்.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. தூய இரும்பு உருக 1538 டிகிரி வேண்டும். பழங்கால மண் உலைகளுக்கு அந்தச் சூடு எட்டாது. அப்படியானால் அந்தக் காலத்தில் இரும்பு எடுத்தது எப்படி? உருகாமலேதான் எடுத்தார்கள். துருத்தி ஊதி எரித்தால் கசடு உருகி வழியும். இரும்பு பஞ்சு போல ஓட்டை ஓட்டையாகத் திரண்டு அடியில் நிற்கும். அதை எடுத்துச் சம்மட்டியால் அடித்து அடித்துக் கசடைப் பிதுக்கி வெளியேற்றுவார்கள். ஸ்மெல்ட் நடந்துவிட்டது, இரும்பு மெல்ட் ஆகவில்லை.

அடுத்த படியில்தான் நம் ஊர்க்காரர்கள் பெரிய காரியம் செய்தார்கள். அந்த இரும்புத் துண்டை மண் மூசைக்குள் இலை, விறகு போன்ற கார்பன் உள்ள பொருட்களோடு வைத்து, வாயை மண்ணால் அடைத்து, நீண்ட நேரம் ஊதினார்கள். கார்பன் இரும்புக்குள் ஏற ஏற அதன் உருகுநிலை இறங்கும். 4 சதவீதத்துக்குச் சற்று மேல் கார்பன் இருந்தால் 1150 டிகிரிக்குப் பக்கத்திலேயே இரும்பு உருகிவிடும். எஃகுக்கு அவ்வளவு கார்பன் கூடாது. அதனால் அதைவிட அதிகச் சூடு வேண்டும். அந்த அளவைக் கண்ணாலும் கையாலும் அறிந்திருந்தார்கள். ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையில் உள்ள கொடுமணல் அகழாய்வில் உலைகளும் மூசைகளும் கிடைத்திருக்கின்றன. தென்னிந்தியாவின் இந்த எஃகை ஐரோப்பியர்கள் வூட்ஸ் என்று அழைத்தார்கள். மைக்கேல் ஃபாரடே 1819-ல் அதை ஆராய்ந்து கட்டுரை எழுதியிருக்கிறார். நாம் எஃகை ‘உருக்கு’ என்று சொல்வதை நினைத்துப் பாருங்கள். சேலத்தில் படிக்கிறீர்கள், இதெல்லாம் உங்கள் பாடத்துக்கு வெளியே இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். ஒரு விடுமுறை நாளில் கொடுமணல் போய்விட்டு வாருங்கள்.

கேள்வி: கேக் செய்முறையில் ‘சாஃபன்டு பட்டர்’ என்று போட்டிருந்தது. உருக்கி ஊற்றினேன். கேக் எழும்பவே இல்லை. இரண்டும் ஒன்று இல்லையா?
— வாசகி, கோவை

இல்லை. சாஃபன் என்றால் இளகுவது. விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், ஆனால் வெண்ணெய் தன் வடிவத்திலேயே நிற்க வேண்டும். அந்தப் பதத்தில் சர்க்கரையோடு சேர்த்து அடிக்கும்போதுதான் சின்னச் சின்னக் காற்றுக் குமிழ்கள் உள்ளே மாட்டிக்கொள்ளும். அந்தக் குமிழ்கள் அடுப்பில் விரிந்துதான் கேக் எழும்புகிறது. உருகிய வெண்ணெயால் காற்றைப் பிடித்து வைக்க முடியாது.

கொழுப்புகளுக்கு இப்படி நடுவில் ஒரு நிலை இருப்பதற்குக் காரணம் உண்டு. ஐஸ் என்பது ஒரே பொருள், அதனால் 0 டிகிரி என்று ஒரே இடத்தில் உருகும். வெண்ணெய், நெய் எல்லாம் பலவகைக் கொழுப்புகளின் கலவை. ஒன்று முன்னால் உருகும், ஒன்று பின்னால் உருகும். அந்த இடைவெளியில்தான் அது இளகி நிற்கிறது. நெய் டப்பாவில் மணல்மணலாகப் பூத்து மேலே தெளிவாக நிற்பதும் இதனால்தான்.

தேங்காய் எண்ணெய் மார்கழியில் உறைந்துவிட்டது, கலப்படமா என்று திருச்சி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவருக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது 24 டிகிரி வாக்கில் உறையக்கூடியது. மார்கழி இரவில் உறைவது இயல்பு. ஆனால் உறைந்ததை வைத்து மட்டும் அது சுத்தமானது என்றும் முடிவு செய்ய முடியாது. பாட்டிலைக் கொஞ்ச நேரம் வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தினால் போதும், அடுப்பில் காட்ட வேண்டாம்.

கேள்வி: ‘ஃபியூஸ்’ என்ற சொல்லுக்கும் உருகுவது என்று அகராதியில் பொருள் போட்டிருக்கிறதே?
— வாசகர், நாகப்பட்டினம்

ஆமாம். உருகி ஒன்றோடொன்று சேர்ந்துவிடுவது ஃபியூஸ். ரேடியோ ரிப்பேர்க் கடையில் ஈயப்பற்று வைக்கும்போது உருகுவது பற்று மட்டும்தான். 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்த பற்று 183 டிகிரியிலேயே உருகிவிடும். அதனால் செம்புக் கம்பிக்கு ஒன்றும் ஆகாது. வெல்டிங் பட்டறையில் இரண்டு இரும்பின் விளிம்புகளுமே உருகி ஒன்றாகின்றன. அங்கே ஃபியூஸ் என்ற சொல் பொருந்தும். வீட்டு ஃபியூஸ் கட்டையில் இருக்கும் கம்பியும் அளவுக்கு மேல் மின்சாரம் வந்தால் உருகி அறுந்துபோகத்தான் வைத்திருக்கிறார்கள். அந்தக் கம்பிக்குப் பதில் கையில் கிடைத்த தடித்த கம்பியைச் சுற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அது உருகாவிட்டால் சுவருக்குள் இருக்கும் வயரின் உறைதான் உருகும்.

கேள்வி: பீரோவில் போட்ட பாச்சா உருண்டை உருகிக் காணாமல் போகிறது. துணியில் ஈரமே இல்லை. எப்படி?
— வாசகி, மதுரை

அது உருகவே இல்லை. நாஃப்தலீன் உருக 80 டிகிரி வேண்டும். உங்கள் பீரோ அவ்வளவு சூடாகாது. நீர்மமாகாமல் நேராகவே ஆவியாகிறது. தமிழில் பதங்கமாதல், ஆங்கிலத்தில் சப்ளைம் என்ற வினை. கற்பூரமும் அப்படித்தான். குழந்தைகள் மிட்டாய் என்று எடுத்து வாயில் போட்டுவிடுவார்கள். கைக்கெட்டாத தட்டில் வையுங்கள்.

கேள்வி: வங்கித் தேர்வுக்குப் படிக்கிறேன். மெல்ட் என்ற சொல்லுக்கு இணைச்சொற்கள் எல்லாவற்றையும் பட்டியலாகத் தர முடியுமா?
— போட்டித் தேர்வு மாணவர், விருதுநகர்

பட்டியல் எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் இருக்கிறது. டிசால்வ், தா, ஃபியூஸ், லிக்விஃபை, சாஃபன், டிஸப்பியர் என்று வரிசையாக அச்சடித்திருப்பார்கள். அதை மனப்பாடம் செய்வதால்தான் வாக்கியம் கொடுத்துக் கேட்கும்போது தடுமாறுகிறீர்கள். அந்த ஆறு சொற்களும் ஒன்றுக்கொன்று மாற்று இல்லை. ஒவ்வொன்றும் மெல்ட்டின் ஒரு மூலையை மட்டும் தொடுகிறது.

மழை வந்ததும் கூட்டம் மெல்ல மெல்லக் கலைந்தால் ‘மெல்ட் அவே’ என்பார்கள். இங்கே டிஸப்பியர் பொருந்தும், லிக்விஃபை பொருந்தாது. சட்டமன்றத்தை ஆணை போட்டுக் கலைத்தால் அதற்கு டிசால்வ் மட்டுமே. மெல்ட் வரவே வராது. லிக்விஃபை என்பது அறிவியல் நடைச் சொல்: வாயுவைக் குளிரவைத்தோ அழுத்தியோ நீர்மமாக்கினாலும் அதுதான். நம் சமையல் கேஸ் சிலிண்டரில் இருப்பது அப்படி நீர்மமாக்கிய வாயு. ஆக, வெப்பம் கொடுக்காமலே லிக்விஃபை நடக்கும், மெல்ட் நடக்காது. லிக்விஃபையின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் ‘எஃப்’ எழுத்துக்கு முன்னால் வருவது ‘இ’ எழுத்து, ‘ஐ’ எழுத்து இல்லை. இதில் நிறையப் பேர் தவறுகிறார்கள். மெல்ட்டுக்கு எதிர்ச்சொல் கேட்டால் ஃப்ரீஸ், சாலிடிஃபை, ஹார்டன்.

மெல்டட், மோல்டன் இரண்டையும் நன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மோல்டன் என்பது அந்த வினையின் பழைய வடிவம், இன்று அடைமொழியாக மட்டும் நிற்கிறது. கடும் வெப்பத்தில் உருகிய எரிமலைக் குழம்பு, உலோகம் ஆகியவற்றுக்கு மோல்டன். வெண்ணெய், சாக்லேட், ஐஸுக்கு மெல்டட். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் சுவாமிமலைப் பட்டறைகளில் இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம். தேன்மெழுகும் குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில் சிற்பத்தை வடித்து, காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைப்பார்கள். அதைச் சூடேற்றினால் உள்ளே இருக்கும் மெழுகு உருகித் துளை வழியாக ஓடிவிடும். அது மெல்டட் வாக்ஸ். மெழுகு விட்டுப்போன வெற்றிடத்தில் ஊற்றுகிற உலோகக் குழம்பு மோல்டன் மெட்டல். ஸ்தபதி குழம்பை ஊற்றும்போது சுற்றி நிற்கிறவர்கள் யாரும் பேச மாட்டார்கள். ஊற்றுவது நடுவில் நின்றுவிட்டால் அத்தனை நாள் உழைப்பும் போய்விடும்.

கடைசியாக மெல்ட்டவுன். அணு உலையில் குளிர்விப்பு நின்று எரிபொருள் உருகிப்போவது அதன் நேர்ப்பொருள். அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்டில் 1979 மார்ச் 28 அன்று ஓர் உலையில் பாதியளவு நடந்தது. ஜப்பானின் ஃபுகுஷிமாவில் 2011 மார்ச்சில் சுனாமியால் மின்சாரம் போய் மூன்று உலைகளில் நடந்தது. பங்குச் சந்தை சரிந்தாலும், குழந்தை அழுது புரண்டாலும் இன்று அதே சொல்லைப் போடுகிறார்கள். தேர்வில் எந்தப் பொருள் என்று முன்பின் வாக்கியத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: எங்கள் பள்ளி ஆண்டறிக்கையை ஆங்கிலத்தில் எழுதுகிறேன். ‘பிரிவு உபசார விழாவில் மாணவர்கள் கண்ணீரில் உருகினார்கள்’, ‘புதிய மாணவர்கள் பழையவர்களோடு ஒன்றறக் கலந்துவிட்டார்கள்’ என்ற இரண்டுக்கும் மெல்ட் போடலாமா?
— ஓய்வு பெறப்போகும் தலைமையாசிரியர், புதுக்கோட்டை

வணக்கம் ஐயா. முதல் வாக்கியத்தில் போட வேண்டாம். ஆங்கிலத்தில் மனம் மெல்ட் ஆகும், கோபம் மெல்ட் ஆகும். ஆள் அழும்போது மட்டும் ‘டிசால்வ்டு இன்டு டியர்ஸ்’ என்பார்கள். இரண்டாவதில் ‘மெல்ட் இன்டு’ என்று போட்டால் கூட்டத்துக்குள் அடையாளம் தெரியாமல் மறைந்துவிட்டார்கள் என்று பொருள் வந்துவிடும். திருடன் சந்தைக்குள் நழுவிப்போவதற்கு அது சரி, உங்கள் பிள்ளைகளுக்கு வேண்டாம். ‘பிளெண்டட் இன் வெல்’ என்று எழுதுங்கள். அறிக்கையை அச்சுக்குக் கொடுக்கும் முன் எனக்கு ஒரு பிரதி அனுப்பினால் படித்துப் பார்த்துத் திருப்பி அனுப்புகிறேன்.